ஹோமோலோகேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

1980களின் இரு செடான்களான மெர்சிடஸ் 190இ 2.3-16, பிஎம்டபிள்யூ எம்3 ஆகியவற்றை ஒப்பிடும் கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அக்காலக் 'குரூப் ஏ' பந்தய விதிப்படி, 12 மாதங்களுக்குள் 5,000 வண்டிகள் தயாரித்தால்தான் ஒரு கார் வகை களமிறங்க முடியும். இந்த ஏற்பாடே ஹோமோலோகேஷன். 'ஒப்புதல்' என்று எழுதினால், சாலையில் ஓட்டுவதற்கு அரசு தரும் ஒப்புதலோடு குழம்புகிறது. தக்க சொல் தருக.

> தக்க சொல் தருக.

கிரேக்கத்தில் 'ஹோமோ' ஒத்தது, 'லோகோஸ்' சொல், ஆகவே 'ஒத்துரை'. தமிழில் ஒப்பு, ஒப்பம், ஒப்புரவு எல்லாம் 'ஒ' என்னும் வேரின் கிளைகளே. விற்கும் காரும் பந்தயக் காரும் ஒத்தவை என்று உரைப்பதுதானே இவ்விதி? அயற்சொல்லை அப்படியே எழுதிவிட்டுப் போவதற்கு நமக்கு ஒரு குழு வேண்டியதில்லை.

> 'ஒத்துரை'

ஐயா, வேராய்வை மதிக்கிறேன். ஆனால் முன்னுரை, முடிவுரை போல இதையும் நூலின் ஒரு பகுதி என்றே வாசகர் கொள்வார். மேலும், இது வெறும் உரைத்தல் அன்று, தகரத்தையே மாற்றிய விதி. எம்3இன் ஃபெண்டர்கள் (சக்கரங்களை மூடும் தகடுகள்) அகன்றதும், பின்கண்ணாடி கூடுதலாகச் சாய்ந்ததும், டிக்கி மூடி உயர்ந்ததும் பந்தயத்துக்காகவே என்றாலும், விற்பனைக் காரிலும் அவை இருந்தால்தான் விதி ஏற்கும். மெர்சிடஸோ நான்கு கதவுகளை விடாமல், காஸ்வொர்த் என்னும் பிரிட்டிஷ் எஞ்சின் நிறுவனம் வடிவமைத்த 16 வால்வு சிலிண்டர் ஹெட்டைப் (எஞ்சினின் மேற்பகுதியை) பூட்டிக்கொண்டது. 1990இல் வந்த 2.5-16 எவல்யூஷன் II வகையில் 502 வண்டிகளே செய்தார்கள். மேம்படுத்திய வகைக்கு 500 போதும் என்று விதி இருந்ததே காரணம். 'பந்தயத் தகுதியேற்பு' என்றால் இவ்வளவும் விளங்கும்.

> 'தகுதியேற்பு'

அம்மா, 'ஏற்பது இகழ்ச்சி' என்ற ஔவை வாக்கில் ஏற்றல் என்பது இரத்தல். ஏல் என்னும் வினைக்கு அப்பொருள் இன்றும் அழியவில்லை.

> ஏற்றல் என்பது இரத்தல்

பதவியேற்பு என்று நாள்தோறும் எழுதுகிறோம், ஐயா. அதில் யாரும் இரத்தலைக் காண்பதில்லை.

> பதவியேற்பு

நன்றி. பெரும்பான்மையர் கருத்துப்படி 'பந்தயத் தகுதியேற்பு' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஹோமோலோகேஷன் என்பதும் உடன் நிற்கும்.

> பெரும்பான்மையர் கருத்துப்படி

என் மறுப்பைப் பதிவு செய்க. தகுதியேற்பு என்பது ஓட்டுநருக்கும் பொருந்தும், டயருக்கும் பொருந்தும். 5,000 வண்டிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கருத்து அச்சொல்லில் எங்கே இருக்கிறது?