மானிட்டர் மூலையில் ஊதாக் கறை, டீகாஸ் கொடுத்தும் முழுசாகப் போகவில்லை

கேள்வி: பழைய டாஸ் விளையாட்டுகளுக்காக 17 அங்குல சிஆர்டி (பழைய கண்ணாடி டியூப் வகை) மானிட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், அப்பா வாங்கித் தந்தது. போன வாரம் மேசையைத் துடைத்தபோது பாட்டு கேட்கும் பெரிய ஸ்பீக்கரை அதன் வலது பக்கம் ஒட்டி வைத்து, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது ஸ்பீக்கரை எடுத்தபிறகும் வலது மூலையில் வெள்ளை ஊதாவாகத் தெரிகிறது. மெனுவில் டீகாஸ் (திரையில் ஏறிய காந்தத்தை இறக்கும் வசதி) கொடுத்தேன், 'டுங்'கென்று சத்தம், படம் ஆடியது, கறை கொஞ்சம் குறைந்தது. உடனே ஏழெட்டு முறை அழுத்தியும் பிறகு சத்தமே இல்லை. டியூப் போய்விட்டதா?

பதில்: டியூப் போகவில்லை, பயப்படாதீர்கள். திரைக் கண்ணாடிக்குப் பின்னால் பொடி ஓட்டைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது, ஷேடோ மாஸ்க். மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் அந்த ஓட்டை வழியாகத்தான் தத்தம் நிறப்புள்ளியில் விழும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்தால் தகட்டில் காந்தம் ஏறினால் கற்றை துளி விலகிப் பக்கத்து நிறத்தில் விழுகிறது, அதுதான் உங்கள் ஊதா. டியூபைச் சுற்றியுள்ள காயிலில் மாறுமின்னோட்டம் முதலில் பலமாகப் பாய்ந்து படிப்படியாகத் தேய்ந்தால்தான் காந்தம் இறங்கும். அப்படித் தேய வைப்பது ஒரு தெர்மிஸ்டர், சூடானதும் அதன் தடை ஏறிவிடும். ஆறாமல் மறுபடி அழுத்தினால் மின்னோட்டமே பெரிதாகப் போகாது, அதனால்தான் சத்தம் வரவில்லை. அரை மணி நேரம் விட்டு ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். அப்புறம் மறுபடி அரை மணி.

பதில்: டிவி பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அதிலும் போகாவிட்டால் கடைக்காரர்கள் வைத்திருக்கும் கையடக்க டீகாஸ் காயில்தான் வழி. மானிட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று காயிலை ஆன் செய்து, கிட்டே கொண்டுவந்து திரைமேல் வட்டமாகச் சுற்றி, மெதுவாகப் பின்வாங்கி, பழைய இடத்துக்கு வந்தபிறகே ஆஃப் செய்ய வேண்டும். திரைக்கு அருகில் ஆஃப் செய்தால் இப்போதிருப்பதைவிட மோசமான கறை பிடிக்கும், நானே கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒருவரின் டிவியில் அப்படிச் செய்திருக்கிறேன். ஃப்ளாப்பி, கேசட் எல்லாம் அடுத்த அறைக்குப் போகட்டும். சாதாரண காந்தத்தைத் திரையில் தேய்க்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். மானிட்டரைக் கழற்றவும் வேண்டாம், உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல், அணைத்தபிறகும் டியூபில் தங்கியிருக்கும்.

பதில்: மானிட்டர் எப்போதாவது கீழே விழுந்திருக்கிறதா? மாஸ்க் வளைந்திருந்தால் எந்தக் காயிலும் உதவாது.

கேள்வி கேட்டவர்: விழவில்லை. சொன்னபடி அரை மணி இடைவெளியில் மூன்று முறை கொடுத்தேன், மூன்று முறையும் 'டுங்' வந்தது, ஊதா போய்விட்டது! ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் மேசையைச் சுவரோரம் திருப்பிப் போட்டதும் இடது ஓரம் லேசாக மஞ்சளடிக்கிறது, அங்கே ஸ்பீக்கரே கிடையாது.

பதில்: அது பூமியின் காந்தப்புலம், திசை மாறியதால் வந்தது. புது இடத்தில் ஒரு முறை டீகாஸ் கொடுங்கள், சரியாகிவிடும்.