நடு மெஷினில் கிடந்த 214 கோப்புகள்

ஹட்டன்

வெளியிலிருந்து நேரே தொட முடியாத சேர்வருக்குக் கோப்பு அனுப்பியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். எனக்கு நடந்ததை முதலில் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததைக் கீழே எழுதுங்கள்.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய்ப் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்தோம். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதியின் பி கார்ட் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும். 1948 இல் பிரஜாவுரிமை பறிபோன எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்துக்கு ஒரு கடதாசியின் அருமை தெரியும். 2003 இல் பிரஜாவுரிமை தரும் புதிய சட்டம் வந்த பிறகும் அந்தப் பழைய தாள்களை யாரும் வீசவில்லை.

ஒரு அம்மாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து, சொப்பிங் பேக்குக்குள் சொப்பிங் பேக்காக மூன்று பிரித்து, நாலாக மடித்த தாளொன்றை எடுத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போயிருந்தது. ஊதா முத்திரையில் பாதி எழுத்துத்தான் தெரிந்தது. தாளைக் கையில் தருவதற்கு முன் கேட்டார்: "தம்பி, இத படம் புடிச்சி எங்க வைப்பீங்க? வேற ஆளுங்க பாப்பாங்களா?"

"இல்லங்க அம்மாயி. கொழும்புல ஒரு எடத்துல பூட்டி வைப்போம். வேற யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

கொழும்பில் இருந்த அந்த சேர்வருக்கு 10 இல் தொடங்கும் உள் முகவரி. இணையத்திலிருந்து நேரே அதைத் தொட முடியாது. அதற்கு முன்னால் வெளிக்கு முகம் காட்டும் சிறிய மெஷின் ஒன்று, ஜம்ப் சேர்வர் என்பார்கள். உள்ளே போகிற எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதை நான் பாவித்த விதத்தில்தான் பிழை.

எஸ்சிபி என்ற கோப்பு அனுப்பும் கட்டளையால் கோப்புகளை ஜம்ப் மெஷினின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டருக்கு அனுப்புவேன். அப்புறம் எஸ்எஸ்எச்சால், அதாவது தூரத்து மெஷினுக்குள் பூட்டிய வழியில் நுழையும் கட்டளையால், அதற்குள் நுழைந்து, அங்கிருந்து உள் சேர்வருக்கு மறுபடி ஒரு எஸ்சிபி. கடைசியில் டெம்ப்பில் இருப்பதை அழிப்பேன். இரண்டாவது பயணத்துக்கு அந்த மெஷினிலும் சாவி (லொகினில் என்னை அடையாளம் காட்டும் ரகசியக் கோப்பு) வேண்டுமே என்று, என் தனிச் சாவியையே அங்கே கொப்பி செய்து வைத்திருந்தேன். அதற்குக் கடவுச்சொல்லும் போடவில்லை.

ஒரு நாள் மாலை அட்மின் அண்ணன் கோல் எடுத்தார். "தம்பி, டிஸ்க் நெறஞ்சிருச்சு. டெம்ப்ல ஒங்க பேர்ல 214 ஃபைல் கெடக்கு. ஒண்ணத் தெறந்து பாத்தேன், யாரோ ஒரு அம்மாட பர்த் சேர்டிபிகேட். இந்த மெஷினுக்குப் பதினொரு பேர் லொகின் பண்றாங்க, தெரியுமா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. எல்லாம் அழித்தாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். எங்கள் பக்கம் மழை பிடித்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். கோப்பு உள் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், நான் அழிக்கிற கட்டளையை அடிப்பதற்குள் லைன் போயிருக்கும். மறுநாள் பார்த்தால் கொழும்பில் கோப்பு இருக்கிறது, சரி என்று விட்டுவிடுவேன். அந்த மெஷினில் புதிதாக வந்து விழும் கோப்புக்கெல்லாம் 644 அனுமதி, அதாவது லொகின் உள்ள யாரும் திறந்து வாசிக்கலாம். அழித்த பிறகும் இரவு பேக்கப்பில் அவற்றின் பிரதிகள் இருந்தன. அவை காலாவதியாக 30 நாள் ஆகும் என்றார் அண்ணன். சாவியும் களவு போனதாகவே எடுத்துக்கொண்டோம். பழையதை எல்லா இடத்திலும் நீக்கிவிட்டு, ஈடி25519 வகையில் புதிதாக ஒன்று, கடவுச்சொல்லோடு செய்தேன்.

அப்புறம்தான் அண்ணன் ப்ராக்ஸிஜம்ப் சொல்லிக்கொடுத்தார், நடு மெஷினில் எதையும் இறக்காமல் அதன் வழியாகவே உள் சேர்வருக்குப் போகும் வசதி. 2016 இல், எஸ்எஸ்எச் கட்டளைகளைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 7.3 பதிப்போடு வந்தது. எனக்கு அது அதுவரை தெரியாது. எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் போட்டுப் பெரிய ஜே எழுத்து, அடுத்து ஜம்ப் மெஷினின் பெயர், அதன்பின் போக வேண்டிய சேர்வர். எஸ்சிபிக்கு அதே பெரிய ஜே 8.0 பதிப்பிலிருந்து உண்டு.

இதை எனக்கே விளங்க வைத்துக்கொண்டது தேயிலை லொறியை நினைத்துத்தான். ஃபெக்டரியில் மூட்டை கட்டி சீல் வைத்த தேயிலை ஹட்டனிலிருந்து லொறியில் இறங்குகிறது. கினிகத்தேனையில் லொறி நிற்கலாம், ட்ரைவர் தேத்தண்ணி குடிக்கலாம், மூட்டையை அங்கே யாரும் பிரிப்பதில்லை. கொழும்பில்தான் சீல் உடைகிறது. நான் முன்பு செய்தது, கினிகத்தேனையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, வேறு சாக்கில் அள்ளி, வேறு லொறியில் ஏற்றிய வேலை. ப்ராக்ஸிஜம்ப்பில் என் லெப்டொப்பில் பூட்டியது கடைசி சேர்வரில்தான் திறக்கிறது. நடு மெஷின் பூட்டிய பொதியைக் கைமாற்றுவதோடு சரி. கோப்பின் ஒரு எழுத்தும் அதன் டிஸ்க்கில் விழாது. சாவியும் என் லெப்டொப்பை விட்டு நகராது.

ஒவ்வொரு முறையும் நீளமாக அடிக்க வேண்டியதில்லை. வீட்டு ஃபோல்டருக்குள் டொட் எஸ்எஸ்எச், அதற்குள் கொன்ஃபிக் என்ற கோப்பு. அதில் ஜம்ப் மெஷினுக்கு ஒரு பெயர், உள் சேர்வருக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டாவதற்குக் கீழே ப்ராக்ஸிஜம்ப் என்று முதலாவதைக் குறித்துவிட்டால் போதும். அதன் பிறகு எஸ்சிபி, கோப்பு அனுப்பும் மற்றக் கட்டளைகளான எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் எல்லாம் அந்தச் சின்னப் பெயரிலேயே வேலை செய்யும்.

மழைக்கும் வழி கிடைத்தது. எஸ்சிபி பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆர்சிங்க்கில் மைனஸ் பெரிய பி போட்டால் பாதி வந்த கோப்பை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆர்சிங்க் என் லெப்டொப்பிலும் உள் சேர்வரிலும் இருந்தால் போதும், நடு மெஷினில் தேவையில்லை. ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து இரவில் ஓட விடுவேன். காலையில், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்களை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

இன்னொன்று. புதிய சேர்வருக்கு முதல் தரம் போகும்போது அதன் கைரேகையை (அந்த மெஷினை அடையாளம் காட்டும் எழுத்து வரிசை) காட்டி, ஆமாவா இல்லையா என்று கேட்கும். ஜம்ப் வழியாகப் போனால் இரண்டு தரம் கேட்கும், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஆம் அடிக்காதீர்கள். நான் அண்ணனுக்கு கோல் எடுத்து, அவர் வாசிக்க வாசிக்க எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை.

பண்டாரவளை

நான் விண்டோஸ்காரி. 2018 முதல் விண்டோஸ் 10 உடனேயே எஸ்எஸ்எச் வருகிறது, ஆனால் என் மெஷினில் இருந்த பழைய பதிப்பில் ப்ராக்ஸிஜம்ப் போட்டால், அப்படியொரு கோப்பு இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். இரண்டு நாள் என் கொன்ஃபிக்கில்தான் பிழை தேடினேன். ப்ராக்ஸிஜம்ப்புக்குப் பதிலாக ப்ராக்ஸிகொமாண்ட் என்று எழுதி, எஸ்எஸ்எச் டொட் எக்ஸ்ஈயின் முழுப் பாதையையும் கொடுத்து, மைனஸ் பெரிய டபிள்யூ போட்ட பிறகு ஓடியது. பதிப்பைப் புதுப்பித்தாலும் சரியாகும்.

கட்டளை அடிக்கப் பயமாக இருந்தால், மவுசாலேயே கோப்பு அனுப்பும் வின்எஸ்சிபி என்ற மென்பொருளில் அட்வான்ஸ்ட் பக்கத்தில் டனல் என்று ஒன்று இருக்கிறது. அதில் நடு மெஷினின் விபரம், முதல் பக்கத்தில் கடைசி சேர்வரின் விபரம். எங்கள் கடையில் டைப் செய்யும் தங்கச்சிக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். சாவி மட்டும் வின்எஸ்சிபி வாசிக்கும் பிபிகே வடிவத்தில் இருக்க வேண்டும்.

பதுளை

ஹட்டன் தம்பி சாவியைக் கொப்பி செய்தார். நான் அதைத் தவிர்க்க, சாவியை வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற ப்ரோக்ராமை நடு மெஷினுக்கும் நீட்டிவிடும் ஏஜென்ட் ஃபோர்வர்டிங் பாவித்தேன். சாவி என்னிடமே இருக்கிறது, நடு மெஷினிலிருந்து அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், பத்திரம்தானே என்று மூன்று வருடம் நம்பியிருந்தேன். நான் லொகினில் இருக்கும் நேரம் முழுக்க, அந்த மெஷினில் ரூட் (முழு) அதிகாரம் உள்ளவர் என் ஏஜென்ட்டைப் பிடித்து நானாகவே மற்ற சேர்வர்களுக்குள் நுழையலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. சாவியைத் திருட முடியாது, ஆனால் பாவிக்க முடியும். ஏஜென்ட்டில் சாவியைச் சேர்க்கும்போது மைனஸ் சின்ன சி கொடுத்தால் ஒவ்வொரு தரமும் நம்மிடம் அனுமதி கேட்கும். இப்போது நான் ஃபோர்வர்டிங்கையே நிறுத்திவிட்டேன். பெரிய ஜே போதும்.

கண்டி

அட்மின் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடு மெஷினில் ஆட்களுக்கு ஷெல்லே, அதாவது கட்டளை அடிக்கும் இடமே, தராதீர்கள். கோப்பு அனுப்ப மட்டும் வருபவருக்கு ஷெல்லின் இடத்தில் நோலொகின் வைத்து, எங்கே போகலாம் என்று குறிக்கும் பெர்மிட்ஓப்பன் அமைப்பில் உள் சேர்வரின் முகவரியையும் 22 ஆம் போர்ட்டையும் மட்டும் எழுதிவிட்டால், ப்ராக்ஸிஜம்ப் ஓடும், வேறெதுவும் ஓடாது. டெம்ப்பில் கோப்பு போட நினைத்தாலும் முடியாது. ஆனால் டிசிபி ஃபோர்வர்டிங்கை (நடு மெஷின் இணைப்பை உள்ளே கைமாற்றும் வசதி) மொத்தமாக மூடிவிடாதீர்கள். நான் ஒருமுறை மூடிவிட்டேன், எல்லாரும் ஒரே நேரத்தில் கோல் எடுத்தார்கள்.

தலவாக்கலை

ஹட்டன் அண்ணா, அந்த அம்மாயிகிட்ட சொன்னீங்களா?

ஹட்டன்

சொன்னேன் தங்கச்சி. அடுத்த ஞாயிறே போனேன். கொழும்பில் பூட்டுவதற்கு முன் நடுவழியில் ஓரிடத்தில் உங்கள் தாள் திறந்து கிடந்தது, அது என் பிழை, அழித்துவிட்டேன், இன்னொரு பிரதி மட்டும் அழிய ஒரு மாதம் ஆகும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தார்.

30 நாள் முடிந்ததும் அண்ணனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுபடி போய்ச் சொன்னேன். "இப்ப நடுவுல ஒண்ணும் இல்லயா?" என்றார். இல்லை என்றேன். உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் அவர் புருஷனுக்குக் கிடைத்த இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தார். அந்த மனுசன் கப்பல் ஏறவேயில்லை, இந்தத் தோட்டத்திலேயே செத்துப் போனார். முதல் தரம் நாங்கள் போனபோது அதை எங்களுக்குக் காட்டவே இல்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அன்று இரவே நேரே அனுப்பினேன்.