மங்கு, கழுத்துக் கருமை, தொப்பை: மூன்றுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ் எடுக்கலாமா?

மழைத்துளி:

வணக்கம். 36 வயது, இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன், சின்னவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பிரச்சினை மூன்று. இரண்டு கன்னத்திலும் மங்கு. இரண்டாவது கர்ப்பத்தில் வந்தது, இன்னும் போகவில்லை, வெயிலில் போய் வந்தால் எடுப்பாகத் தெரிகிறது. கழுத்தைச் சுற்றிக் கருமை, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அப்படியே இருக்கிறது. அப்புறம் வயிறு. எடை பெரிதாகக் கூடவில்லை, கை கால் எல்லாம் பழையபடிதான், வயிறு மட்டும் தனியாக முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, சாயங்காலம் ஆனால் இன்னும் அதிகம். தையலுக்கு மேலே தோல் மடிந்து தொங்குகிறது.

ஒரு க்ளினிக்கில் போய்க் கேட்டேன். முகத்துக்கு லேசர் டோனிங் பத்து சிட்டிங், கழுத்துக்கு ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல், வயிற்றுக்குக் கொழுப்பைக் குளிர வைத்துக் குறைக்கும் ஃபேட் ஃப்ரீசிங், அதன் மேல் தோல் இறுக ரேடியோ ஃப்ரீக்வென்சி, கூடவே நிறத்துக்கு குளுட்டாதையோன் ட்ரிப் இலவசம் என்று ஒரே பேக்கேஜாகப் போட்டுக் கொடுத்தார்கள். பேசியது கவுன்சிலர் என்று ஒரு பெண், டாக்டரை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன், ஆனால் ஆசை விடவில்லை. என் நாத்தனாரோ, இத்தனை சிட்டிங் எதற்கு, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் செய்து ஒரேயடியாக முடித்துவிடு என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உடற்பயிற்சி செய்யச் சொல்லி யாரும் எழுத வேண்டாம், செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆபரேஷன்_தியேட்டர்:

நான் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நர்ஸ். வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், முகத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

கை கால் பழையபடி, வயிறு மட்டும் முன்னால், சாயங்காலம் அதிகம் என்று படித்ததுமே கொழுப்பைவிடத் தசை விலகல்தான் எனக்கு முதலில் தோன்றியது. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகளும் கர்ப்பத்தில் விலகி இடம் கொடுக்கும். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்குத் தானாக நெருங்கிவிடும், சிலருக்கு நெருங்காது. டயாஸ்டாசிஸ் ரெக்டை என்பார்கள். எங்கள் சர்ஜன் பார்ப்பது இப்படித்தான்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே விரல்களை வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொல்வார். தூக்கும்போது இரண்டு பக்கமும் தசை இறுகி விரலை நெருக்க வேண்டும். நெருக்காமல் இரண்டு விரலுக்கு மேல் நடுவில் இறங்கினால், அல்லது நடுக்கோட்டில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பினால் விலகல் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம், உறுதி செய்வதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

விலகல்தான் காரணம் என்றால் ஃபேட் ஃப்ரீசிங், ரேடியோ ஃப்ரீக்வென்சி இரண்டும் வேலைக்கு ஆகாது. ஃபேட் ஃப்ரீசிங் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் குறைக்கும், விலகிய தசையை எந்த மெஷினும் இழுத்துத் தைக்காது. ரேடியோ ஃப்ரீக்வென்சி சூட்டில், தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜனைத் தூண்டுகிறது, லேசான தளர்ச்சிக்குக் கொஞ்சம் பலன் தெரியும், தையலுக்கு மேல் மடிந்து தொங்கும் தோலுக்கு அது பத்தாது. இன்னொன்று, தொப்புள் பக்கம் ஹெர்னியா, அதாவது குடல் பிதுக்கம், இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தசை விலகியவர்களுக்குச் சின்ன ஹெர்னியா கூடவே இருப்பது உண்டு. அதைக் கவனிக்காமல் லைப்போசக்‌ஷன் குழாயை உள்ளே விட்டால் குடலில் ஓட்டை விழுகிற ஆபத்து இருக்கிறது. ஹெர்னியா இருக்கும் இடத்தில் ஃபேட் ஃப்ரீசிங்கும் கூடாது.

நாத்தனார் சொல்கிற லைப்போசக்‌ஷன் எடை குறைக்கிற சிகிச்சை இல்லை, ஒரு இடத்தின் வடிவத்தைச் சரிசெய்வதற்கு மட்டும்தான். ஒரே நேரத்தில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவதைப் பெரிய அளவு என்று தனியாகவே வகைப்படுத்தி, கூடுதல் கண்காணிப்போடு செய்வார்கள். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை அதால் தொட முடியாது. உங்கள் விஷயத்தில் முக்கியமானது தோல்தான். ஏற்கெனவே தளர்ந்த தோலுக்கு அடியிலிருந்து கொழுப்பை மட்டும் எடுத்தால் தோல் இன்னும் தொங்கும், அப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது டம்மி டக். தசையை நடுவில் சேர்த்துத் தைத்து, உபரித் தோலை வெட்டி எடுப்பார்கள். நன்றாகச் செய்தால் இது ஒன்றுதான் உங்களுக்கு நிஜமாகப் பலன் தரும், ஆனால் லேசான காரியம் இல்லை. இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தழும்பு, முதல் சில நாட்கள் குனிந்தபடிதான் நடப்பீர்கள், ஆறு வாரம் பிள்ளையைத் தூக்கக் கூடாது. காலில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்போம், வலிக்கிறது என்று படுத்துக்கொள்ள விடமாட்டோம். அதற்கு முன்னால் ஒரு பெண்கள் நல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். விலகல் குறைவு என்றால் சரியான பயிற்சியிலேயே வயிறு ஓரளவு அடங்கும். நீங்கள் செய்யும் உடற்பயிற்சியில் சிட்-அப், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது எல்லாம் இருந்தால், அவர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்.

வெயில்விரோதி:

மங்கு எனக்கும் இருக்கிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன், லேசரில் ஆரம்பிக்காதீர்கள் தோழி.

நான் லேசர் டோனிங் செய்துகொண்டேன். நடக்கும்வரை கன்னம் பளிச்சென்று இருந்தது, நிறுத்திய சில மாதங்களில் பழைய இடத்திலேயே திரும்பி வந்தது, சில இடத்தில் முன்பைவிட அழுத்தமாக. அடிக்கடி செய்துகொண்டே போனால் சிலருக்குப் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளி விழும் என்பதைப் பிறகு பார்த்த டாக்டர்தான் சொன்னார். மங்கு என்பது மேலே ஒட்டிய கறை இல்லையாம், நிறமி செய்யும் செல்களே வெயில், ஹார்மோன், சூடு எல்லாவற்றுக்கும் சட்டென்று பொங்கும் நிலையில் இருக்கின்றன. அதன் மேல் போய்ச் சூட்டை வைத்தால் என்ன ஆகும்? மாநிறத்துக்காரர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

எனக்குப் பலன் தந்தது சலிப்பான வைத்தியம்தான். சன்ஸ்கிரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்டட் வகை. புற ஊதாக் கதிர் மட்டும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கிளறும், வெள்ளையாக வரும் சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது, சில வாரங்களுக்கு மட்டும். இதே க்ரீமை மருந்துக்கடையில் தானாக வாங்கி வருஷக்கணக்கில் போட்டு, தோல் மெலிந்து சிவந்து முடி முளைத்து நிற்பவர்களைத் தோல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்தால் வரிசையாகப் பார்க்கலாம். கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா? எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மங்கு போகாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோல்பிஜி:

தோல் மருத்துவத்தில் மேற்படிப்பில் இருக்கிறேன். உங்களைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கழுத்தைப் பற்றி இங்கே யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

தேய்த்தால் போகாத கழுத்துக் கருமை, தொட்டால் கொஞ்சம் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி வரிவரியாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படி இருக்கிறதா? பக்கத்தில் சின்னச் சின்ன மரு? அப்படியானால் அகாந்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ் ஆக இருக்கலாம். அது அழுக்கும் இல்லை, வெயில் கருமையும் இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடும்போது தோல் செல்கள் பெருகித் தடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். பீல் போடுவதற்கு முன் வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, மாதவிடாய் சீராக இல்லை என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் அவசியம் பாருங்கள். உள்ளே இருக்கும் காரணத்தைக் கவனித்தால் கழுத்து மெல்லத் தெளியும், கவனிக்காமல் பீல் மட்டும் போட்டால் மாநிறத் தோலில் எரிந்து இன்னும் கறுக்கவும் செய்யலாம். நார் வைத்துத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், உரசலே கருமையைக் கூட்டும்.

லைப்போசக்‌ஷன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வெளியான ஒரு ஆய்வில் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஒன்பது, பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் எதிர்ப்பில் மாற்றமே இல்லை. வயிறு குறைந்தால் சர்க்கரையும் குறையும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

குளுட்டாதையோன் ட்ரிப் இலவசம் என்றாலும் வேண்டாம். தோலை வெளுக்க அதை நரம்பில் ஏற்றுவதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது, கடுமையான ஒவ்வாமை, கல்லீரல் பாதிப்பு வந்த கதைகள் உண்டு. மங்குக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

பள்ளமும்_மேடும்:

என்ன எல்லாரும் மெஷின் என்றாலே விரட்டுகிறீர்கள்? எனக்குக் கன்னம் முழுக்கப் பருத்தழும்பு. க்ரீம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, குழிக்கு க்ரீம் என்ன செய்யும். கடைசியில் தழும்பு வகை வகையாகப் பிரித்துப் பார்த்த ஒரு டாக்டர் கிடைத்தார். குத்தூசி மாதிரி ஆழமான குழிக்கு டிசிஏ ஆசிட்டை முனையில் தொட்டு வைத்தார், அகலமான பள்ளத்துக்கு ஊசியை உள்ளே விட்டு அடியில் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிட்டார், மிச்சத்துக்கு நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங். முழுதாகப் போகவில்லை, ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுக்க இப்போது பயமில்லை. சரியான இடத்தில் வைத்தால் மெஷின் வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

தோல்பிஜி:

ஒப்புக்கொள்கிறேன். முடி எடுக்கும் லேசரும் அப்படித்தான், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டியாக் வகை லேசர் பொதுவாகப் பாதுகாப்பானது, ஐபிஎல் என்ற ஒளி பாய்ச்சும் மெஷின் என்றால் சூடு பட்டுவிடும் என்ற பயம் கூடுதல். எந்த மெஷின் என்று பெயர் கேட்காமல் உட்காரக் கூடாது.

இரண்டாம்_தொப்பை:

ஃபேட் ஃப்ரீசிங் செய்துகொண்ட ஆண் ஒருவன் இங்கே இருக்கிறேன். இடுப்பின் இரண்டு பக்கமும் கையில் பிடித்தால் வரும் சதை, எடை சரியாக இருந்தும் அது மட்டும் கரையவில்லை. கப் மாதிரி ஒன்றை வைத்து உறிஞ்சிக் குளிர வைப்பார்கள். முதல் சில நிமிடம் கடுக்கும், பிறகு மரத்துவிடும், எடுத்ததும் வெண்ணெய்க் கட்டி கணக்காக விறைத்திருக்கும் சதையைப் பிசைந்து விடுவார்கள், அதுதான் உண்மையான வலி. பிறகு பல வாரம் மரமரப்பு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆனது, தெரிந்ததும் அளவாகத்தான். அந்த இடத்துக் கொழுப்பு அடுக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பார்கள், அதை மனதில் வைத்துப் போனதால் எனக்கு ஏமாற்றமில்லை.

குச்சி ஐஸை வாயில் அடக்கிவைத்த குழந்தைகளுக்குக் கன்னத்துக் கொழுப்பு கட்டியானதை டாக்டர்கள் 1970-லேயே எழுதியிருக்கிறார்கள். தோலைவிடக் கொழுப்பு குளிருக்குச் சீக்கிரம் சாகும், அதை வைத்துத்தான் இந்த மெஷினே வந்தது. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது முதலில் இடுப்பின் பக்கவாட்டுக்குத்தான், வயிறு பிறகு.

கவுன்சிலர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்: அபூர்வமாகச் சிலருக்குக் குளிர வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகப் பெருத்துக் கெட்டியாகிவிடும். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற மாடல் தனக்கு அப்படி ஆனதை 2021-இல் வெளியே சொன்னபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அது தானாக வற்றாது, சர்ஜரிதான் செய்ய வேண்டும். சம்மதப் படிவத்தில் இது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். குளிர் பட்டால் விரல் நீலமாவது, உடம்பு தடிப்பது போல ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மழைத்துளி:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை.

நர்ஸ் அக்கா சொன்னபடி படுத்துப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாக இறங்குகிறது, நடுவில் முகடும் எழும்புகிறது, பார்த்த என் கணவர் பயந்தே போய்விட்டார். கழுத்து தடிப்பாகத்தான் இருக்கிறது, அக்குளிலும் இருக்கிறது. இரண்டாவது கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, பிசியோவிடமும் ஒரு தோல் டாக்டரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன். பேக்கேஜ்காரர்கள் இன்றைக்கும் கூப்பிட்டார்கள், தள்ளுபடி இன்னும் இருக்கிறதாம்.

சர்ஜரி என்று முடிவானால் எப்போது செய்வது நல்லது? சின்னவள் இன்னும் இடுப்பிலேயே இருக்கிறாள்.

ஆபரேஷன்_தியேட்டர்:

மூன்று விரல் என்றால் சர்ஜனிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள், ஹெர்னியா இல்லை என்று ஸ்கேனில் தெரிந்துகொள்வது நல்லது. ஆபரேஷனுக்கு அவசரமே இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், இல்லாவிட்டால் தையல் ஆறாது. எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நிற்கட்டும். இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கர்ப்பத்தில் தைத்த தசை திரும்ப விலகும். மாத்திரை ஏதாவது எடுத்தால், மங்குக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை கொடுத்தாலும்கூட, சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டது.

மழைத்துளி:

இன்னொன்றா? ஐயோ, கடையை மூடியாச்சு அக்கா. ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.