புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவா, ஜெர்மனியா? முடிவு செய்துவிட்டோம்

போன வருஷம் மகளின் முதுகலைப் பொறியியலுக்கு எந்த நாடு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஜெர்மனிதான்.

"கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க, முடக்குக் கணக்கையும் சேர்த்துக் கூட்டுங்க" என்று இங்கே மலேசியாவில் பட்டர்வொர்த் ஊர்க்கார அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முடக்குக் கணக்கு என்றால், ஜெர்மனி விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு. பிறை ஊரில் எங்கள் வீட்டில் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ரிங்கிட்டில் கூட்டிப் பார்த்தோம். அந்தக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டோம்; அங்கே போனபின் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். அப்படியும் ஆஸ்திரேலியாவைவிடக் குறைவு.

எதிர்பாராதது ஒன்று: ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் எல்லாமே இலவசம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. அவள் ஆசைப்பட்ட ஸ்டுட்கார்ட் அங்கேதான் இருக்கிறது! சரி, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, வேறு மாநிலத்திலுள்ள ஹனோவருக்கு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தது.