போக்கிய வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ்: வீடு பார்த்துக் கொடுப்பவர்களின் அனுபவங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து:

தறிக்காரக் குடும்பம். 3 லட்சம் போக்கியம் (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது பணம் திரும்பும்), 20 ரூபாய்ப் பத்திரத்தாள், நோட்டரி முத்திரை, ஒரே சாட்சி. பதினோராம் மாசம் கதவில் வங்கி நோட்டீஸ். பாட்டியம்மா அதைக் கிழிக்கவில்லை. காற்றில் பிய்ந்துவிடக் கூடாதென்று மூலைக்கு மூலை சோற்றுப் பருக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "கவர்மெண்டு காயிதம் கண்ணு, கிழிஞ்சா நம்ம மேல வந்துரும்."

வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை விவரம்) போட்டிருந்தால் உரிமையாளர் வங்கியில் வைத்திருந்த இரண்டு வருசத்துக்கு முந்தைய அடமானம் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் போதும். போக்கியம் என்பது சட்டப்படி சுவாதீன அடமானம். பதிவு வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். பதியாத தாள் பணம் கொடுத்ததற்கு அத்தாட்சியாகலாம், வீட்டில் இருக்கும் உரிமைக்கு ஆகாது.

குகைப் பகுதியிலிருந்து:

வில்லங்கம் மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தனியார் வட்டிக்காரரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடன் அதில் வராது. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அந்த வீடு வேண்டாம்.

இன்னொன்று, தறிக்காரருக்கு வாடகையைவிடத் தரைதான் முதல் கேள்வி. ஒரு குடும்பத்துக்கு டைல்ஸ் போட்ட நல்ல வீடு கிடைத்தது. தறிக்குழி வெட்ட உரிமையாளர் விடவில்லை. எட்டாம் நாள் தறிச் சட்டத்தையும் அச்சையும் தள்ளுவண்டியில் ஏற்றிப் பழைய தெருவுக்கே திரும்பிவிட்டார்கள். மண் தரையா, தறி மேல் ஜக்கார்டு (பூவேலைப் பெட்டி) நிற்க உயரம் உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள். காலி செய்யச் சொல்லும் கெடுவில் தறியில் ஏற்றிய பாவு (நீளவாட்டு நூல்) நெய்து முடிய நாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பாவை இறக்கினால் கூலி போச்சு.

ஏற்காட்டிலிருந்து:

எஸ்டேட் லைன் வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்ய வேண்டிய பெரியவர். ஊரில் பட்டா இருந்ததால் கலைஞரின் கனவு இல்லம் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. போன மாசம் பார்த்தபோது லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு) நின்ற சுவருக்குள் மிளகுக்கொடி ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் அஸ்திவாரம். திட்டம் 360 சதுர அடிக்கு, 3.5 லட்சம். மகன்கள் இருவருக்கும் ஆகட்டும் என்று 500 அடிக்குப் போட்டுவிட்டார்கள். பணம் நிலைவாரியாகத்தான் வரும். அளவு மீறினால் அடுத்த நிலை எட்டவே கைக்காசு கரைந்துவிடும். கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்றைக்கே நாம் பக்கத்தில் நின்று டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

மலையில் வண்டிக் கூலி தனி. இருபது கொண்டை ஊசி ஏறி வரும் லாரி ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகும், அங்கிருந்து வீடு வரை தலைச்சுமைக் கூலி. அதைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும். முடியாதென்றால் சிமெண்டு மூட்டையை வாங்கி வைக்காதீர்கள். பலகை மேல் அடுக்கினாலும் ஈரத்தில் கட்டி தட்டும். கட்டி தட்டிய சிமெண்டை உடைத்துக் கலந்தால் சுவர் நிற்காது.

கிச்சிப்பாளையத்திலிருந்து:

எல்லாரும் போக்கியத்தையும் சொந்த வீட்டையுமே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் மாச வாடகைக் குடும்பங்கள்தான் அதிகம். ஒரு வீட்டில் வாடகை பாக்கிக்காக உரிமையாளர் பீஸ் கேரியரை (கரண்டு போர்டில் பீஸ் கம்பி இருக்கும் கட்டை) பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கைக்குழந்தை இருக்கிற வீடு.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி பாக்கி இருந்தாலும் கரண்டு, தண்ணீரை நிறுத்தக் கூடாது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. பீஸ் கேரியர் இல்லாத போர்டைத் தேதி தெரியப் போட்டோ எடுத்து, கடைசியாக வாடகை கட்டிய ரசீதோடு அன்றைக்கே வாடகை அதிகாரிக்கு மனு எழுதுங்கள். ரசீது தராதவர் என்றால் ஜிபேயில் அனுப்புங்கள், குறிப்பில் மாசத்தின் பெயரைப் போட்டு.