இங்க்ஸ்கேப்ல (கம்ப்யூட்டர்ல படம் வரையுற சாஃப்ட்வேர்) வரைஞ்சத எம்பிராய்டரி மெஷின்ல போடுறது எப்படி? ஃப்ரீ சாஃப்ட்வேர் வேணும்

பெரம்பூர்_தையல்:
வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறேன், இப்போ செகண்ட் ஹேண்ட்ல ஒரு ப்ரதர் மெஷின் வாங்கிருக்கேன், 10க்கு 10 சென்டிமீட்டர் ஃப்ரேம். பஞ்சிங்குக்கு, அதாவது டிசைன மெஷினுக்கு புரியுற ஃபைலா மாத்த, வெளிய குடுத்தா ஒவ்வொரு டிசைனுக்கும் காசு, அதுலயும் நாளைக்கு நாளைக்குன்னு இழுக்கறாங்க. என் பொண்ணு இங்க்ஸ்கேப்ல சிக்கு கோலம், மாங்கா எல்லாம் அழகா வரைவா. இங்க்ஸ்கேப்ல சேவ் பண்ண அந்த எஸ்விஜி ஃபைல பென்டிரைவ்ல போட்டு சொருகினா மெஷின் கண்டுக்கவே மாட்டேங்குது.

நூல்கண்டு:
எஸ்விஜி மெஷினுக்கு புரியாதுங்க, அதுக்கு ஊசி எங்கெங்க குத்தணும்னுதான் வேணும். இங்க் ஸ்டிச்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், இங்க்ஸ்கேப் உள்ளயே எக்ஸ்டென்ஷனா உக்காந்துக்கும். வெறும் கோடுன்னா ரன்னிங் ஸ்டிச், கலர் ரொப்பின வடிவம்னா ஃபில் ஸ்டிச்னு அதுவே எடுத்துக்கும். பாராம்ஸ்ங்கற செட்டிங்ஸ்ல தையலோட அளவு மாத்தலாம், சிமுலேட்டர்ல ஊசி ஓடுறதயே பாக்கலாம். அப்புறம் சேவ் எ காப்பி குடுத்து பிஇஎஸ் ஃபைலா எடுங்க, ப்ரதருக்கு அதான். எஸ்விஜிய அழிச்சிராதீங்க, திருத்தணும்னா அதுலதான் திருத்தணும்.

பெரம்பூர்_தையல்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க. கோலம் சூப்பரா வந்துச்சு, ஆனா நூல் ஒல்லியா தெரியுது. மாங்கா தான் சொதப்பல், ஒரு போட்டோவ ட்ரேஸ் பிட்மேப்ல (போட்டோவ தானா வடிவமா மாத்துற ஆப்ஷன்) போட்டு எடுத்தது, நூறு எடத்துல நூல் கட் ஆகுது, பார்டருக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல துணி பல்ல காட்டுது, ரா சில்க் வேற சுருங்கிருச்சு. சாஃப்ட்வேர் கோளாறா?

பழைய_பஞ்சர்:
சாஃப்ட்வேர குத்தம் சொல்லாதீங்கம்மா. சௌகார்பேட்டைல பல வருஷம் பஞ்சிங் பண்ணவன் சொல்றேன், காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர்லயும் ஆட்டோமேட்டிக்கா விட்டா இதே கதிதான். ட்ரேஸ் பண்ணா துண்டு துண்டா வரும், ஒவ்வொரு துண்டுக்கும் மெஷின் நின்னு தாண்டும். மாங்காய கையால வரையச் சொல்லுங்க, நாலஞ்சு வடிவம் போதும். பார்டருக்கு ஒரு தடிமனான கோடு போட்டு அத சாட்டினா, அதாவது இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நெருக்கமா போற தையலா, மாத்துற ஆப்ஷன் இருக்கு, அத யூஸ் பண்ணுங்க, ஆனா 7 மில்லிமீட்டருக்கு மேல அகலம் போனா நூல் வளையல்ல மாட்டும். பல்ல காட்டுறது ஏன்னா, நூல் துணிய தன் பக்கம் இழுக்குது, ஸ்க்ரீன்ல ஒட்டி இருக்கறது துணில வெலகிடும். அந்த இழுப்ப ஈடுகட்ட தையல கொஞ்சம் அகலமாக்குற புல் காம்பன்சேஷன கொஞ்சம் ஏத்துங்க, உள்பக்கத்த பார்டருக்கு அடியில கொஞ்சம் நுழையுற மாதிரி வரைங்க, அண்டர்லே (மேல் தையலுக்கு அடியில மொதல்ல விழுற தையல்) ஆன்ல இருக்கட்டும். லேயர்ல கீழ இருக்கறதுதான் மொதல்ல தைக்கும், அதனால பார்டர் மேல இருக்கணும்.

ரா சில்க்குக்கு அடியில, துணி சுருங்காம பிடிச்சிக்கிற பேப்பர் கேன்வாஸ் வெச்சீங்களா இல்லயா, அத சொல்லவே இல்லயே?

நூல்கண்டு:
கோலத்துக்கு பீன் ஸ்டிச் ரிப்பீட் 1 வைங்க, ஒவ்வொரு தையலும் மூணு தடவ விழும், நல்லா எடுப்பா தெரியும். ஒரே இழைல சுத்தி வர்ற சிக்கு கோலம்னா நூல் கட்டே வராது, மெஷினுக்குன்னே நம்ம பாட்டிங்க போட்டு வெச்ச மாதிரி 😄

பெரம்பூர்_தையல்:
ஐயோ அண்ணா, கேன்வாஸ் வெக்கல, நியூஸ்பேப்பர்தான் வெச்சேன் 🙈 பாரிஸ் கார்னர் போயி வாங்கிட்டு வந்து மறுபடி போட்டு பாக்குறேன்.