அம்மா நோட்டில் பலம், ஆழாக்கு, “ஒரு கை”: மக்கன் பேடாவைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

பாலாற்றங்கரை (கேள்வி):
வணக்கம். அம்மாவின் முதலாண்டு நினைவு நாள் வருகிறது. அன்றைக்கு அவர் செய்வது போலவே மூன்று பண்டம் செய்ய வேண்டும். நோட்டில் சாமான் பெயரும் அளவும்தான் உண்டு, செய்முறை கிடையாது. உள்ளதை அப்படியே தருகிறேன்.

மக்கன் பேடா (பூரணம் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைக்கும் இனிப்பு): கோவா 7 பலம், மைதா 2 பலம், தயிர் அரைக்கால் ஆழாக்கு, ஆப்ப சோடா சிட்டிகை, பருப்பு வகையறா 2 பலம், சர்க்கரை அரை வீசை.
முள்ளு கத்தரிக்காய் குழம்பு: காய் அரை கிலோ, புளி எலுமிச்சை அளவு, வேர்க்கடலை ஒரு கை.
கேக்: முட்டை 4, மற்றதெல்லாம் முட்டை எடை, மணல்.

பேடா முதல் தடவை எண்ணெயில் உடைந்து கரைந்தது. மைதாவைக் கூட்டினால் நடுவில் கல் மாதிரி நிற்கிறது. எங்கே தப்பு?

ஆற்காட்டு அடுப்படி:
முதல்ல அளவைப் பார்ப்போம். 1 பலம்னா சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. ஆழாக்கு 168 மில்லி. அப்படின்னா கோவா 245 கிராம், மைதா 70 கிராம், தயிர் 21 மில்லி (ஒன்றரை மேசைக்கரண்டி), பருப்பு 70 கிராம், சர்க்கரை 700 கிராம். கணக்கு சுத்தமா இருக்கு, அம்மா அளவை மாத்தாதீங்க. குழம்புல கிலோ, பேடாவுல பலம்னு எழுதியிருக்காங்க பாருங்க, பேடாக் குறிப்பு அவங்களுக்கும் முந்தின தலைமுறையோடதா இருக்கும்.

தப்பு அனேகமா கோவாவுலதான். கடையில கிடைக்கிற சில கோவா நெய் கக்கும், சிலது ஈரமா இருக்கும். ஈரக் கோவாதான் எண்ணெயில கரையும். வீட்டுல காய்ச்சறதுன்னா கொழுப்பு நீக்காத பால் ஒன்னேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல எடுங்க, 245 கிராம் தேறும். சட்டியை விட்டு உருண்டு திரண்டு வரணும். ஆறினதும் துருவி, உள்ளங்கை அடிப்பாகத்தால அஞ்சு நிமிஷம் தேய்ங்க. ஒரு திப்பி இருந்தாலும் அந்த இடத்துலதான் வெடிக்கும்.

அப்புறம் மைதாவையும் சோடாவையும் சேர்த்துச் சலிச்சுப் போடுங்க. சிட்டிகைன்னா கால் டீஸ்பூன்ல பாதி, அதுக்கு மேல போனா பேடா பஞ்சா உப்பி எண்ணெயில பிரிஞ்சிடும். தயிரைச் சொட்டுச் சொட்டா விடுங்க, மாவு சேர்ந்ததும் நிறுத்திடுங்க. முழுசும் செலவாகணும்னு இல்லை. மைதா விழுந்தப்புறம் சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது. பிசைஞ்சா இழுவை வந்துடும், நடுவுல கல் நிக்கிறதுக்கு அது ஒரு காரணம். இன்னொண்ணு தீ.

12 உருண்டை வரும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு டீஸ்பூன் பூரணம்: முந்திரி, பாதாம், சாரப்பருப்பு, வெள்ளரி விதை பொடியா நறுக்கினது, ரெண்டு திராட்சை. மூடின வாய் தெரியாம உருட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு லேசா அமுக்குங்க. குலாப் ஜாமுன் மாதிரி உருண்டையா விட்டா அது மக்கன் பேடா இல்லை, பூரணம் வெச்ச ஜாமுன்.

எண்ணெய் சூடு 130லேர்ந்து 140 டிகிரி. ஒரு துளி மாவு போட்டா அடியில போய் நின்னு, மெதுவா மேல வரணும். போட்டதும் துள்ளி வந்தா அடுப்பை அணைச்சுட்டுக் காத்திருங்க. ஒரு ஈடு 10, 12 நிமிஷம். கரண்டியால பேடாவைத் தொடாம எண்ணெயை மட்டும் சுத்தி விடுங்க.

பாகு: 700 கிராம் சர்க்கரைக்கு 600 மில்லி தண்ணி, விரல்ல பிசுக்குன்னு ஒட்டினா போதும், கம்பிப் பதம் வேண்டாம். கெட்டிப் பாகு உள்ள இறங்காது, பேடா சுருங்கிப் போகும். பாகு வெதுவெதுப்பா, பேடா சூடா இருக்கணும். நாலு மணி நேரம் ஊறட்டும். மக்கன்னா உருதுல வெண்ணெய், கரண்டி வெச்சா அப்படித்தான் வெட்டுப்படணும்.

அணைக்கட்டுக்காரன்:
குழம்புக்கு மட்டும் சொல்றேன். வேலூர் பக்கம் இலவம்பாடி காய்தானே? 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய். காம்புல முள் இருக்கணும், முள் இல்லாததை அந்தப் பேர்ல வித்தா வாங்காதீங்க. சதைப்பத்தான காய், சீக்கிரம் வெந்துடும். அதனால காம்போட நாலாக் கீறி, கடலெண்ணெய் ஒரு குழிக்கரண்டியில முக்கால் பதம் வதக்கி எடுத்து வெச்சிடுங்க. புளிக்கரைசல் (புளி 25, 30 கிராம்) மசாலாவோட கொதிச்சுப் பச்சை வாசனை போனப்புறம் காயைப் போடுங்க. வதக்காத காயைப் புளியில போட்டா எவ்வளவு கொதிச்சாலும் தோல் விறைச்சுக்கிட்டு நிக்கும். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி அரைச்சுக் கடைசி அஞ்சு நிமிஷத்துல சேருங்க. முன்னாடியே போட்டா அடிப்பிடிக்கும்.

சத்துவாச்சாரி கேக்:
நாலு முட்டை ஓடு இல்லாம சுமார் 200 கிராம். உடைச்சு நிறுத்துப் பாருங்க, வர்ற எடைக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூணும் சமமா. நோட்டுல பேக்கிங் பவுடர் இல்லைன்னா வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கிற வரைக்கும் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், கையால 20 நிமிஷ வேலை. கை வலிச்சா ஒரு டீஸ்பூன் பவுடர் போடுங்க, ருசி கொஞ்சம் மாறும்.

பழைய குக்கர்ல கழுவிக் காயவெச்ச ஆத்து மணல் 2 சென்டிமீட்டர். கேஸ்கெட், வெயிட் ரெண்டும் எடுத்துடுங்க, தண்ணி ஊத்தக் கூடாது. பத்து நிமிஷம் மிதமான தீயில சூடாக்கி, மேல ஒரு வளையம் வெச்சு அதுமேல 7 அங்குல டின். டின் மணலைத் தொட்டா அடி கருகும். அப்புறம் சிறு தீயில 45, 50 நிமிஷம், முதல் அரை மணி மூடியைத் திறக்காதீங்க. மேல்பக்கம் வெளுப்பாத்தான் இருக்கும், மேலேர்ந்து சூடு இல்லையே. பழைய ஆளுங்க தட்டையான மூடி போட்டு அதுமேல தணல் கொட்டினது அதுக்குத்தான்.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றி. இன்னும் ஒன்று மட்டும்: “வேர்க்கடலை ஒரு கை” எத்தனை கிராம்? என் கையில் 60 கிராம் வருகிறது, குழம்பு கெட்டியாகிவிடுகிறது.

ஆற்காட்டு அடுப்படி:
உங்க கை கணக்கு இல்லை, அவங்க கைதான் கணக்கு. அம்மா வளையல் வீட்டுல இருக்கும், அளவு பாருங்க. சொந்தத்துல அதே அளவு போடறவங்களை மூணு தடவை அள்ளச் சொல்லி, நிறுத்து, சராசரி எடுங்க. சிட்டிகைக்கும் அவங்க விரல்தான். அடுத்து நோட்டுல “டம்ளர்”னு வந்தா, அவங்க டம்ளர்ல தண்ணி பிடிச்சு நிறுங்க, ஒரு கிராம் ஒரு மில்லி.

பாலாற்றங்கரை:
வளையல் 2-4. சித்திக்கும் அதே அளவு. அள்ளச் சொன்னேன்: 38, 41, 38.